பூன் லேயில் நான் ஏறிய மேடை

நாள் பார்ப்பதில் எனக்கு நிகர் யாருமில்லை என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு இன்று எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் உறுப்பினர். யாருடைய பிறந்தநாள் எந்தக் கிழமை, எந்த வருடம் எந்தப் பேருந்தின் எண் மாறியது என்பதையெல்லாம் கேட்காமலே சொல்வேன். (கேட்டுச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.) அப்படிப்பட்ட நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதை இது.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலை, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் வாடகை அறை, ஞாயிறு பூசை முடிந்தால் தேவாலய இளைஞர் குழு. இதுதான் நான். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த டாக்டர் சரோஜா அப்போது ஓர் ஆய்வில் இறங்கியிருந்தார். நம் தாத்தாக்கள் கப்பலேறி இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே, கடலையும் சின்னஞ்சிறு தீவுகளையும் வீடாகக் கொண்டிருந்த, மலாய் பேசும் பூர்வகுடிகள் உண்டு. தீவுகள் தொழிற்சாலைகளுக்குப் போனதும் அவர்களில் சில குடும்பங்கள் பூன் லே அடுக்குமாடி வீடுகளுக்கு வந்திருந்தன. படகில் போய்வந்தவர்கள் லிஃப்டில் போய்வந்தார்கள். கிளினிக் இருந்தது. ஆனால் அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில்தான் அது திறந்திருந்தது. அவர்களுடைய ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்து, நிலைமையை எடுத்துக்காட்டி, மாதம் ஒருமுறையாவது ஒரு நர்ஸை அவர்கள் புளோக்குக்கே வரவழைக்க வேண்டும் என்பது டாக்டரின் திட்டம்.

முன்பே முயன்று பார்த்திருந்தார். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வந்தது.

“இந்தத் தடவையும் ஆள் வரலன்னா இந்த எடத்த விட்ருங்கன்னு மேல சொல்லிட்டாங்க தாஸ். இதுதான் கடைசி,” என்றார்.

“நாள் சரியில்ல டாக்டர், அதான் விஷயம். என்கிட்ட விடுங்க.”

தமிழ்ப் பஞ்சாங்கம், தேவாலய நாட்காட்டி, மளிகைக் கடையில் கொடுத்த சீன நாட்காட்டி, பள்ளி விடுமுறை அட்டவணை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு ஞாயிற்றைப் பிடித்தேன். அன்று அந்த புளோக்கில் ஒருவர்கூட வெளியே போகமாட்டார்கள் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். அது மட்டும் அப்படியே பலித்தது. நான் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். அங்கே குடியிருந்தவர்களைக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நானும் ஸ்டெல்லாவும் பேருந்தில் போய் இறங்கினோம். ஸ்டெல்லா நர்ஸ், எங்கள் பங்குதான். அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் பண்டிகைத் தேதிகள் பற்றி மட்டுமே. (பேச்சு எப்படி வளரும்?) டாக்டர் பின்னால் காரில் வருவதாக ஏற்பாடு.

புளோக்கின் கீழ்த்தளத்தைப் பார்த்ததும் நான் நெகிழ்ந்துபோனேன். வண்ணக் காகிதத் தோரணம். வரிசை வரிசையாக மேசைகள். ஒரு பக்கம் பெரிய அண்டாவில் நெய்ச்சோறு. நடுவே தங்க நிறத் துணி சுற்றிய மேடை, அதன்மேல் ராஜா ராணி உட்காருவது போல இரண்டு நாற்காலிகள்.

நம் ஆட்களின் கூட்டங்களிலேயே வளர்ந்தவன் நான். மேடையும் ஜரிகை நாற்காலியும் இருந்தால், அது சிறப்பு விருந்தினருக்கு, அடுத்தது மாலை, அதற்கடுத்தது பொன்னாடை. வேறு எதற்காகவும் ஒரு நாற்காலிக்கு ஜரிகை கட்டுவார்கள் என்று என் மூளைக்குத் தோன்றவேயில்லை.

“பாத்தீங்களா மிஸ் ஸ்டெல்லா, நமக்கு எவ்ளோ பெரிய வரவேற்பு!”

“இது நமக்கில்லன்னு தோணுது மிஸ்டர் தாஸ்.”

“உட்காரலன்னா மனசு கஷ்டப்படுவாங்க. உட்காருங்க.”

உட்கார்ந்தோம். இரண்டு நாற்காலிக்கும் நடுவே ரத்த அழுத்தக் கருவியை வைத்தேன். சமையல் பக்கமிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் தலையசைத்தேன். (பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டுக் குறும்புக்காரர்கள் என்று நினைத்தார்களாம்.) நன்றியுரையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

தூரத்தில் கொம்பாங் மேளம் கேட்டது. “டாக்டர் வந்துட்டாங்க, மேளத்தோட கூட்டிட்டு வராங்க!” என்று எழுந்து டையைச் சரிசெய்தேன்.

வந்தது டாக்டர் அல்ல. குடைபிடித்து, பளபளக்கும் பட்டுடையில் ஓர் இளைஞன். பின்னால் பெருங்கூட்டம். சரி, கூச்சப்படாமல் முதலாவதாக வந்தவர் என்று எண்ணிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னேன்: “வாங்க, வாங்க. சட்டைக் கைய மடிச்சு விடுங்க. பயப்படாதீங்க.”

மாப்பிள்ளை மேடையை நெருங்கும்போது பெண் வீட்டார் வழிமறித்து வேடிக்கை காட்டுவதும், கையில் பணம் வைத்த ஓர் உறையைத் திணித்தால்தான் வழிவிடுவதும் அவர்கள் கல்யாண வழக்கம். இதுவும் அப்படி ஒரு புது வேடிக்கை என்று நினைத்த மாப்பிள்ளை கையை நீட்டினான். ஸ்டெல்லா வேறு வழியில்லாமல் பட்டையைச் சுற்றினார். மாப்பிள்ளைத் தோழன் என் கையில் ஓர் உறையைத் திணித்தான்.

“நன்கொடைக்கு மிக்க நன்றி,” என்றேன் நான்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். பெண்ணின் தாயார், மக் சித்தி. (சித்தி அவர் பெயர், மக் என்றால் மலாயில் அம்மா.) அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் மக்தான்.

“தம்பி, அது என் மக ஒக்கார்ற எடம்லா,” என்றார் மலாயில், மிகப் பொறுமையாக.

மேளம் நின்றது. நான் உட்கார்ந்தேன். மறுபடியும் அதே நாற்காலியில்.

பிறகு கீழ்த்தளம் முழுக்க எழுந்த சிரிப்பு பத்தாவது மாடி வரை போயிருக்கும். சரியாக அந்த நேரத்தில் டாக்டர் வந்து சேர்ந்தார். என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“தாஸ், இனிமே இந்த புளோக்ல நமக்கு யார் கைய நீட்டுவா? எல்லாம் போச்சு.”

அந்த நிமிடம் நான் சிரிக்கவில்லை. ஊர்க்காரர்கள் சிரித்தது பரவாயில்லை. அவர்களுக்கு வரவேண்டிய நர்ஸ் என்னால் வராமல் போகிறாரே என்பதுதான் உறுத்தியது. நேராக மக் சித்தியிடம் போய் உறையைக் கொடுத்து, எதற்காக வந்தோம் என்று சொன்னேன்.

“நீங்க ஒட்டுன நோட்டீஸ் பாத்தேன். கல்யாணத்த பாத்தா நீங்களே திரும்பிப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்,” என்றார். “எப்பவும் எங்கள கேக்காம நாள் வெச்சா எப்படி வருவோம்? இன்னைக்கு எல்லாத் தீவு ஆளும் இங்கதான் இருக்கோம். அந்த மெஷின முட்டை குடுக்குற மேசைக்குப் பக்கத்துல வை.”

விருந்து முடிந்து போகிறவர்களுக்குக் காகிதப் பூவில் கட்டிய அவித்த முட்டை கொடுப்பார்கள். மக் சித்தி அந்த மேசைக்கு முன்னால் நின்று அறிவித்தார்: “கைய நீட்டாதவங்களுக்கு முட்டை கெடையாது!”

வரிசை கார் நிறுத்தும் பேட்டை வரை நின்றது. டாக்டரும் ஸ்டெல்லாவும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் மக் சித்தியின் கையையும் பிடித்தோம். அழுத்தம் பயமுறுத்தும் அளவுக்கு இருந்தது. ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தும் இறங்கவில்லை.

“அதுல பாதி உன்னாலதான்லா,” என்றார் என்னைப் பார்த்து.

நெய்ச்சோறும் கோப்பியும் உள்ளே போனபிறகு எடுத்த அளவுகள் ஆய்வுக்கு உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த பரிசோதனைக்கான நாளை மக் சித்தி குறித்தார். வீடு வீடாகக் கதவைத் தட்டியதும் அவர்தான். வந்தார்கள், வெறும் வயிற்றோடு, வரிசையாக. டாக்டரின் ஆய்வு முடிந்தது. எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் புளோக்குக்கே நர்ஸ் வந்தார். மக் சித்தி முணுமுணுத்துக்கொண்டே மாத்திரை சாப்பிட்டார், நெடுங்காலம் நன்றாகவும் இருந்தார்.

அந்த நாற்காலிகளில் சேர்ந்து உட்கார்ந்த இருவருக்கும் பிறகு தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. (“நான் அப்பவே சொன்னேன், நமக்கில்லன்னு” என்று ஸ்டெல்லா இன்றும் சொல்கிறார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.) பூசை முடிந்து வரவேற்பு மண்டபத்துக்குள் நுழைகிறோம். மேடையில் எங்களுக்காகப் போட்ட ஜரிகை நாற்காலிகளில் மக் சித்தியும் அவர் கணவரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க, வாங்க,” என்றார் மக் சித்தி. “சட்டைக் கைய மடிச்சு விடு. பயப்படாத.”

புதுக் கோட்டின் கையை மடித்தேன். எங்கிருந்தோ டாக்டர் கருவியோடு வந்தார்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையும் பிரஷர் பார்க்காமல் மேடை ஏறியதில்லை. கல்யாண நாளை மட்டும் என்னைத் தவிர எல்லாரையும் கேட்டுத்தான் வைக்கிறார்கள்.