மைக்ரோன் அண்ணையும் ரூடியின் ஈயச் சன்னங்களும்

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு தடிப்பு உண்டு, அதை அளக்காமல் விடுவது பாவம் என்று நம்புகிற ஒரே மனிதர் எங்கள் மைக்ரோன் அண்ணைதான். எந்தக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, சம்பளத் துண்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் சுவிஸில் ஓல்டன் பக்கத்துத் தமிழரிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னால், "அது ஆர்?" என்று கேட்பார்கள்.

நானும் அவரும் ஒரே பட்டறையில், இங்கத்தைத் தமிழர் சொல்லும் பப்ரிக்கில், பவுடர் கோட்டிங் வேலை. வண்ணத் தூளை மின்னேற்றி இரும்பின் மேல் ஊதுவோம். பிறகு சூளைக்குள் தள்ளினால் தூள் உருகி இரும்போடு ஒட்டிவிடும். அந்தப் பூச்சின் தடிப்பை மைக்ரோனில் சொல்லுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. நாங்கள் எல்லோரும் மாலை ஐந்து மணிக்கு மைக்ரோனை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அண்ணை அதைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார். இரும்புப் பூச்சை அளக்கும் கருவி ஒன்று, தீப்பெட்டி அளவு, எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும்.

ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, முகத்தில இருநூறு மைக்ரோன் நிக்குது. ஹோமத்துக்குக் கிட்டப் போனா வெடிக்கும்."

வீட்டிலும் இதே கூத்துத்தான். ஒருநாள் அவருடைய மனைவி தவமணி அக்கா சுட்ட தோசையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "ஓரம் ஒரு மில்லி, நடு மூண்டு மில்லி. உப்பிடி நான் பப்ரிக்கில செய்தா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவான்."

"அப்ப பப்ரிக்கிலயே போய்ச் சாப்பிடுங்கோ," என்றார் அக்கா. தட்டும் உள்ளே போய்விட்டது.

இப்படிப்பட்ட மனிதர் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? நடந்தது. ஓல்டனுக்கு வெளியே ஒரு சின்னக் கிராமத்தில் அவர்கள் வீடு. அக்கா அங்குள்ள முதியோர் இல்லத்தில் வேலை செய்வதால் அரைவாசி ஊரை அவருக்குத் தெரியும். அவருக்கு முதல் தரமே கிடைத்துவிட்டது, பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அண்ணையை மட்டும் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் நேர்காணலுக்கு இருத்தி, "இந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்புவித்தாராம்: தேவாலயப் படிக்கட்டுக் கைபிடி நூற்றிப் பத்து மைக்ரோன், பள்ளிக்கூட வேலி எழுபது, நீங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்தின் வாசல் கதவு வெறும் நாற்பது, அடுத்த மாரிக்குத் துரு பிடிக்கும். "சரி, ஊரில் யாரைத் தெரியும்?" என்றபோது மனிதர் மறுபடியும் அந்த வாசல் கதவைப் பற்றித்தான் சொன்னாராம். ஊரோடு ஒட்டவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் பட்டறையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தம்பி, வீட்டில எல்லாரும் சுவிஸ். நான் மட்டும் வெளிநாட்டுக்காரன். சின்னவள் பகிடியா 'அப்பா, உங்கட விசா எப்ப முடியுது' எண்டு கேக்கிறாள்." சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. முப்பது வருடமாக இந்த நாட்டின் வேலிகளையும் கதவுகளையும் துருப்பிடிக்காமல் காத்த மனிதர் அவர்.

அண்ணை வீட்டுக்குப் பக்கத்து வளவில் ரூடி என்றொரு ஓய்வுபெற்ற தச்சர். கடதாசியில் குறி வைத்துச் சுடும் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் தூண். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, தன் சன்னங்களைத் தானே வார்ப்பவர். எங்கள் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியைத் துவக்கு என்போம், சன்னம் என்றாலே துவக்குக் குண்டுதான். மனிதர் வார்த்த சன்னங்களுக்கு ஒரு நாள் கொட்டகையில் இருந்து கொழுப்புப் பூசிக்கொண்டிருந்தார். பூசாவிட்டால் ஈயம் துவக்குக் குழலின் உள்ளே ஒட்டிப் பிடித்துவிடும். பூசினால் கையெல்லாம் பிசுக்கு, சுடும்போது புகை. அவர் திட்டிய சத்தம் வேலி தாண்டி அண்ணைக்குக் கேட்டது.

அண்ணை எட்டிப் பார்த்தார். "ஏன் கொழுப்பு? பவுடர் பூசலாமே?"

சும்மா சொல்லிவிட்டு வந்திருக்கலாம், தானே பூசித் தருவதாகவும் சொல்லிவிட்டார். ஆனால் எங்களைப் போல இலங்கைப் பாஸ்போர்ட்காரர் துவக்கும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்று இங்கே சட்டம். ரூடி நேர்மையான மனிதர், போலீசுக்குப் போன் எடுத்துக் கேட்டே விட்டார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒரு சன்னமும் கொட்டகையை விட்டு அண்ணையோடு போகக் கூடாது என்றார்களாம். ஆக, ஈயம் ரூடியுடையது, சூளை ரூடியுடையது, கொட்டகையும் ரூடியுடையது. கை மட்டும் அண்ணையுடையது. ஒவ்வொரு தரமும் வெளியே வரும்போது காற்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வருவார். ரூடிக்கு வெட்கமாகப் போய்விடும். "ஐயோ, வேண்டாம் ஆளே" என்று கெஞ்சுவார்.

முதல் தரம் பூசிய சன்னங்கள் நல்ல நீலம், கண்ணாடி மாதிரி மினுக்கம். சனிக்கிழமை ரூடி அவற்றை மைதானத்துக்குக் கொண்டுபோனார். ஒன்றும் துவக்குக்குள் போகவில்லை. சங்கத்துக்காரர் சுற்றி நின்று சிரித்தார்களாம். ரூடி திரும்பி வந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார்.

அண்ணைக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவருடைய தீப்பெட்டிக் கருவி இரும்போடுதான் பேசும், ஈயத்தைக் கண்டால் வாயே திறக்காது. அதனால் கண் மதிப்பில், வேலிக் கம்பிக்குப் பூசுவது போலவே தாராளமாகப் பூசியிருக்கிறார். எனக்குப் போன் வந்தது.

"தம்பி, நான் ஒரு மடையன்! உருண்டைச் சாமான் எண்டா இந்தப் பக்கமும் தடிக்கும், அந்தப் பக்கமும் தடிக்கும். ரெண்டு மடங்கு! வேலிக் கம்பி தடிச்சா ஆர் கேக்கப்போறான்? சன்னம் தடிச்சா துவக்கு கேக்குமெல்லோ!"

அதன் பிறகு திருகி அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கினார். பூச முன் குறுக்களவு, பூசிய பின் குறுக்களவு, வித்தியாசத்தில் பாதிதான் தடிப்பு. அளக்க வழி கிடைத்தது, குறைக்க வழி கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் வாளிக்குள் தூளையும் சன்னத்தையும் போட்டுக் குலுக்கினால், உரசலில் மின்னேறித் தூள் ஒட்டத்தான் செய்தது. ஆனால் அப்பிக்கொண்டு ஒட்டியது.

அந்த ஞாயிறு தவமணி அக்கா புட்டுக்கு மா அரிக்கப் போனார். அரிதட்டைக் காணவில்லை. வேலியால் எட்டிப் பார்த்தால், கொட்டகை வாசலில் அண்ணை அரிதட்டை இரண்டு கையாலும் பிடித்து, கொழுக்கட்டைக்கு மா அரிப்பது போல இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே மா இல்லை, பச்சைத் தூள் பூசிய சன்னங்கள். கூடிய தூள் கீழே உதிர்கிறது. ரூடி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்.

"உங்களுக்கு விசரே! ஈயம் பட்ட அரிதட்டு இனி என்ட குசினிக்குள்ள வரக்கூடாது!"

"அதை விடும், இஞ்ச வந்து பாரும். தட்டுறது குறைஞ்சா அப்புது, கூடினா ஈயம் தெரியுது. சரியாத் தட்டினா இருபத்தைஞ்சு மைக்ரோன். எல்லாச் சன்னமும் ஒரே அளவு!"

அக்கா கையில் இருந்த மாச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அன்று அந்த வீட்டில் புட்டு இல்லை, பாண் ரொட்டிதான்.

ரூடியின் சன்னங்கள் அடுத்த சனிக்கிழமை வெண்ணெயில் கத்தி போல உள்ளே போயின. அவ்வளவுதான், சிரித்தவர்கள் எல்லாம் கொட்டகை வாசலில் வரிசை. ஒவ்வொருவரும் தன் ஈயத்தோடு வந்து, தன் சன்னத்துக்குப் பக்கத்தில் தானே காவல் நின்றார். ஒவ்வொரு துவக்கின் குழலும் ஒரு மயிரளவு வித்தியாசம் என்பதால் அண்ணை ஆளுக்கு ஆள் தட்டும் விதத்தை மாற்றினார். தட்டிக்கொண்டே கதைப்பார், அவர்களும் கதைத்தார்கள்.

பிறகு அண்ணை மறுபடியும் விண்ணப்பித்தார். இரண்டாவது நேர்காணலுக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போனேன். வாசலிலேயே கையைப் பிடித்துச் சொன்னேன்: "அண்ணை, உங்களைக் கும்பிடுறன். உள்ள போய் சன்னம், துவக்கு எண்டு வாய் திறக்காதேங்கோ. பாஸ்போர்ட் கனவு அதோட முடிஞ்சுது."

"எனக்குத் தெரியாதே? பேசாமல் வாரும்."

கெமைண்டேத் தலைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். ஊரில் யாரைத் தெரியும்?

அண்ணையின் முகம் மலர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரூடியைத் தெரியும். குழல் இறுக்கம், இருபத்திரண்டு மைக்ரோன், நீலம். மனைவி செத்த பிறகு அவர் பின்னேரங்களில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். தபால்கார மார்த்தா: இருபத்தைந்து, மஞ்சள், முழங்காலில் சத்திரசிகிச்சை. பேக்கரிக்காரர்: குழல் தேய்ந்துவிட்டது, முப்பதுக்குக் குறைந்தால் குறி தவறும், அவருக்கு எப்போதும் சிவப்பு..."

நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

தலைவி குனிந்து கேட்டார்: "பேக்கரிக்காரர் என் கணவர். குறி தவறுவது குழலாலா?"

"ஓம்."

"இருபது வருடமாக அதைத்தான் சொல்கிறார். நான் நம்பவில்லை." அதற்குப் பிறகு சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், வீட்டில் ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்டார். அண்ணை எழுந்து நின்று காற்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். ரூடி பழக்கிய பழக்கமல்ல, இவரே பழகிய பழக்கம்.

இந்த முறை கிடைத்தது. எனக்கே கிடைத்த மாதிரித் துள்ளினேன்.

அந்தக் கிழமை சங்கத்துக்காரர் மைதானத்தில் அவருக்கு விருந்து வைத்தார்கள். ரூடி தன் துவக்கைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "இனி நீயும் எங்களைப் போலத்தான். எல்லா அலுவலையும் முடித்து உன்னைச் சங்கத்தில் சேர்ப்போம். வா, இன்று என்னோடு நின்று முதல் சன்னத்தைச் சுடு."

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் ரூடி. துவக்குச் சத்தம் எனக்கு இந்தப் பிறவிக்குக் காணும். உங்கட சன்னம் ஆளைப் பார்த்துப் போறேல்லை, கடதாசியைப் பார்த்துப் போகுது. அதாலதான் பூசித் தாறன். இனியும் பூசித் தாறன்." இதை அவர் சுவிஸ் ஜெர்மனில்தான் சொன்னார், எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்டது.

ரூடி துவக்கை மேசையில் வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமை தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரிடம், "பார்த்தீரா, அவர் எங்கட ஆள்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லை," என்றார். "அவர் எங்கட ஆள்."

இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.