நான்கு சக்கரங்களும் ஒரு ரொட்டி அடுப்பும்

எஸ்லிங்கன்,
ஈஸ்டருக்குப் பின் இரண்டாம் புதன்கிழமை, காலை

அன்புள்ள மருமகன் ரைமுண்டுக்கு,

நீயும் ஆன்கிரெட்டும் நான்கு மாதக் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தை ஹெட்விக்கும் சுகம். என் முதுகு மட்டும் சற்று யோசிக்கிறது. தொலைபேசியில் பேசினால் எனக்கு வரிசை தப்பிவிடும் என்பதால் எழுதுகிறேன். நாளை நீ சக்கரங்களை எடுக்க வரும்போது நான் பல் மருத்துவரிடம் இருப்பேன். அத்தை இதைக் கையில் தருவாள். கடிதத்தில் வருபவை:

1. சக்கரங்கள் நான்கும் நல்லபடியாக முடிந்தன, தயங்காமல் மாட்டலாம்.
2. வண்டியின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் நான் ஏன் அடுப்பில் வைக்கவில்லை.
3. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் திருமதி ஹெய்ன்லேயிடம் நீ ஏன் வணக்கம் சொல்லி மன்னிப்பும் கேட்க வேண்டும்.
4. சனிக்கிழமை நீங்கள் மூவரும் மலை தாண்டி இத்தாலி போவதற்கு எங்கள் வாழ்த்து.

முதலில் சக்கரங்கள். உன் காருக்காக இரண்டு வருடம் தேடி வாங்கிய, இப்போது யாரும் வார்க்காத அந்த அலுமினியச் சக்கரங்களை நீ பனிக்காலத்தில் என்னிடம் விட்டுப் போனபோதே, புதுப் பூச்சுப் போடுவது என்னால் ஆகுமா என்று சந்தேகப்பட்டேன். நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். எதையும் மூன்று முறை அளந்துவிட்டு நான்காவது முறை அளக்கலாமா என்று யோசிப்பவன். பழைய பூச்சை நெருப்பில் எரித்து எடுப்பது அலுமினியத்துக்கு ஆகாது என்று படித்ததால் மருந்து தடவி உரித்தேன். உரித்தபின் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் ஒரு வாரம் பார்த்தேன். உன் அத்தை, "இன்னும் முத்தம் குடுக்கறதுதான் பாக்கி, அதையும் குடுத்துடுங்க" என்றாள். போல்ட் உட்காரும் இடத்திலும், சக்கரம் வண்டியோடு ஒட்டும் முகத்திலும் பூச்சு தடித்தால் முறுக்கு தளர்ந்துவிடும் என்பதால், அங்கெல்லாம் சூடு தாங்கும் நாடா ஒட்டி மறைத்தேன். மூன்று வீடு தள்ளிக் கடையை மூடிய ரொட்டிக்காரர் கூனோ தன் சின்ன மின்சார அடுப்பைக் கொடுத்தார்; அதை எங்கள் கட்டடத்து நிலவறையில் வைத்தேன். ஒரு சக்கரம் அளவெடுத்ததுபோல் உள்ளே போகிறது. உலோகத்துக்குள் அடைந்திருக்கும் காற்று வெளியேற ஒரு முறை, மேலே தூவிய பூச்சுப் பவுடர் உருகிப் பிடிக்க ஒரு முறை, ஆக ஒவ்வொரு சக்கரமும் இரண்டு முறை அடுப்பு கண்டது. அடுப்பின் முகப்பில் நூற்றெண்பது டிகிரி வைத்தேன். முகப்பை நம்பாமல், அத்தையின் இறைச்சி வெப்பமானியை எடுத்து, ஒவ்வொரு தடவையும் வெளியே எடுப்பதற்கு முன் சூடு பார்த்தேன். எட்டுத் தடவையும் நூற்றெண்பது! கருஞ்சாம்பல் நிறம், முகம் பார்க்கலாம்.

சக்கரங்களோடு நீ கொடுத்த உதிரி லோயர் ஆர்மைப் பொறுத்தவரை, அதில் ரப்பர் புஷ் என்ற வளையமும் பந்து மூட்டும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றாமல் அடுப்பில் வைத்தால் ரப்பர் கருகும், மூட்டின் கிரீஸ் ஒழுகிப் போகும். அழுத்திக் கழற்ற என்னிடம் இயந்திரம் இல்லை. ஆகவே கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சாதாரணப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். அழகு குறைவு, பாதகமில்லை.

இனி திருமதி ஹெய்ன்லே. பவுடர் காற்றில் பறக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருந்தால் வெடிக்கலாம் என்பதால், நிலவறையில் இருக்கும் கட்டடத்துக் கொதிகலனை அணைத்தேன். முறைப்படி அறிவிப்பும் ஒட்டினேன். ஆனால் அறிவிப்பை நிலவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஆறு வீட்டுக்கும் நான்கு நாள் வெந்நீர் இல்லை. முகமூடியோடு மேலே வந்த என்னைப் பார்த்து அந்த அம்மாள் முதலில் அலறினார், பிறகு அடையாளம் கண்டு இன்னும் உரக்க அலறினார்.

"ரீக்கர் சார், இந்த வாரம் படிக்கட்டு பெருக்கற முறை யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"என்னோடதும்மா."

"பெருக்கறதுக்கு முன்னாடி மூணு மாடிக்கும் கரி பூசணும்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கு?"

திரும்பிப் பார்த்தேன், என் செருப்புத் தடம் கருஞ்சாம்பலில், சீரான இடைவெளியில், நிலவறையிலிருந்து என் வீட்டு வாசல் வரை. மூன்று முறை துடைத்தேன். அவர் வெள்ளைக் கைக்குட்டையால் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, அந்தக் கைக்குட்டையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் உன் சக்கரங்களுக்காக நடந்தது, ஆகவே நாளை நீயும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு.

சக்கரம் மாட்டியபின் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, முறுக்குச் சாவியால் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார். இறக்கத்தில் சின்ன கியரில் போ. குழந்தைக்குக் குல்லாய் போடு. மலை உங்களுக்கு வழிவிடட்டும், வானம் வெளுத்தே இருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் மாமா
ஓட்மார் ரீக்கர்

பின்குறிப்பு, அதே நாள், மதியம்:

உறையை ஒட்டும் நேரத்தில் கூனோ அடுப்பைத் திரும்ப வாங்க வந்தார். சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ரீக்கர் சார்! ரொட்டி ப்ரோக்ராம எப்படி நிறுத்தினீங்க? எனக்கே வராதே" என்றார்.

"எந்த ப்ரோக்ராம்?"

"கதவ மூடினதும் நேரா இருநூத்தி எழுபதுக்குப் போகும்ல? அரை மணி அங்கயே நிக்கும். அப்புறம்தான நீங்க வெச்ச நம்பருக்கு இறங்கும். மேல்தோல் மொறுமொறுன்னு வரணும்ல, சார்!"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறங்கிய பிறகான சூட்டைத்தான் எட்டுத் தடவையும் அளந்திருக்கிறேன். வெள்ளைப் பவுடராக இருந்தால் மஞ்சளித்துக் காட்டிக் கொடுத்திருக்கும். ஒவ்வொரு சக்கரமும் அத்தனை சூட்டில் மொத்தம் ஒரு மணி நேரம் கிடந்ததில் அலுமினியம் தன் உறுதியை இழந்திருக்கும். எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது, மலை இறக்கத்தில்தான் தெரியும்.

"நீங்க எப்பவும் வீணா பயப்படறவர்தானே" என்று ஆரம்பித்த உன் அத்தை, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நாளை நான் பல் மருத்துவரிடமிருந்து திரும்பும்வரை நீ காத்திருந்து, "ஒண்ணும் ஆகாது மாமா, குடுங்க" என்பாய். உன்னிடம் மறுத்துப் பேச எனக்கு வராது; என் பயம் சரியா என்று நானே சந்தேகப்பட்டுக் கொடுத்துவிடுவேன். ஆகவே கூனோவின் துளைக்கருவியை வாங்கி, நான்கு சக்கரத்தின் விளிம்பிலும் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டுவிட்டேன். இனி அவற்றில் காற்று நிற்காது. இப்போது காரில் மாட்டியிருக்கும் பனிக்காலச் சக்கரங்களிலேயே போய் வா. இரண்டு வருடம் தேடியதை ஒரு மதியத்தில் கெடுத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

மேலே உள்ள பட்டியலில் முதலாவது தவறு. மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும்.