சம்பந்தி வீட்டுக்குப் போகாத தொட்டில்

மகா கண்ணியம் பொருந்திய சம்பந்தி ஒராஸ்பை அவர்களின் சமூகத்துக்கு, நம் இரு நாட்டுக்கும் எல்லையான சூ ஆற்றுக்கு இக்கரையில் கெமின் ஊரிலிருந்து தொக்தோசுன் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து எழுதுவது. முறைப்படி முதலில் கால்நடைகள்: தங்கள் குதிரைகள் கொழுகொழுவென்று இருக்கின்றனவா, ஆடுகள் நோய்நொடி இல்லாமல் இருக்கின்றனவா, அடுத்து தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை தௌரெனும் சுகமா? இங்கே மாடு சுகம், நான் சுகம், என் வீட்டுக்காரி புரூல் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர அவளும் சுகம். கொட்டகையில் கிடக்கும் உருளைக்கிழங்குதான் சுகமில்லை, முளைவிட ஆரம்பித்துவிட்டது.

பேரனின் தொட்டில் விழாவுக்கு உங்கள் உறவுஜனம் முழுக்கக் கூடியிருக்க, பெண்ணைப் பெற்றவன் மட்டும் வந்து சேரவில்லை. "பாலத்து வரிசையில மாட்டிக்கிட்டோம் சம்பந்தி, எப்ப விடுவாங்கன்னே தெரியல" என்று போனில் சொல்லிவிட்டு, அதற்குமேல் பேசத் தைரியமில்லாமல் போனை அணைத்துப் போட்டேன். அது பொய். நான் சொன்னபோது வீட்டில் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். உண்மையை வாயால் சொல்லலாமென்றால், நீங்கள் சிரிப்பீர்கள், சிரிப்பது கேட்டால் நான் செத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். உங்கள் மருமகளை, என் மகள் சயகுலை, ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். தாய்வீட்டிலிருந்து தொட்டில் வராத பெண் என்று உங்கள் அண்ணி ஜாடை பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும், ஆனால் என்னைப் பேசட்டும், பிள்ளை பெற்ற உடம்பை விட்டுவிடச் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் நாட்டுப் பெரியவர் மேடையேறி உங்கள் நாட்டுப் பெரியவர்களைப் பற்றி என்னவோ வாய்விட, உங்கள் ஆட்களுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்து, பாலத்தில் ஒவ்வொரு வண்டியையும் முழுசாக இறக்கி ஏற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள் இல்லையா, அன்றையிலிருந்து எங்கள் பாடு நாய்படாத பாடு. பாலும் வெண்ணெயும் அறவே கூடாது என்றுவிட்டார்கள். உருளைக்கிழங்கை வாங்க ஆளில்லை. எங்களுக்கு என்ன இருக்கிறது சம்பந்தி, மலை, தண்ணீர், இந்தப் பாலம். உங்கள் மூத்த சம்பந்தி, அந்தத் தராஸ் ஊர்க்காரர், தன் பேரன் தொட்டிலுக்குக் குதிரையே கொண்டுவந்து கட்டினாராம். அதை நீங்கள் போன வருஷம் என்னிடம் விருந்தில் மூன்று தடவை சொன்னீர்கள். நான் ஒன்றும் மறக்கிறவன் இல்லை. குதிரைக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் பெருமைப்பட இருப்பது எங்கள் மலை வெண்ணெய் ஒன்றுதான். கோடையெல்லாம் புரூல் கடைந்து, ஆட்டு இரைப்பையில் அடைத்துத் தைத்து வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு அதைவிட என்ன சத்து வேண்டும்?

மரத்தொட்டிலை வேனில் ஏற்றினோம். காலித் தொட்டில் ஆடக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், எங்கள் ரோட்டில் என் வேன் ஓடினால் தொட்டில் ஆடாமல் எங்கே போகும்? "உள்ளே ஏதாவது வைங்க" என்றாள் புரூல். எனக்குப் புத்தி வேலைசெய்தது, அதுதான் விபரீதம். வெண்ணெயை எடுத்துத் துணி சுற்றி, தொட்டிலில் கிடத்தி, பிள்ளையின் கைகால் கட்டும் பட்டியைக் குறுக்கே இறுக்கி, மேலே போர்வை மூடினேன். இரைப்பையின் உருண்டைப் பக்கம் தலைமாட்டில் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே கொஞ்சத் தோன்றியது. "அல்லாவுக்கே அடுக்காது" என்றாள் புரூல். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பாலத்துக்கு வெகுதூரம் முன்பே வரிசை தொடங்கிவிட்டது. லாரி, வேன், தள்ளுவண்டி, மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற ஜனம். அந்தக் குளிரில் எல்லாரும் அங்கேயே தூங்கி, அங்கேயே சமைத்து, தங்களுக்குள் ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள்: ஒருத்தர் இடத்தை ஒருத்தர் பிடிக்கக்கூடாது, காய்ச்சல்காரர், சாவு வீட்டுக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், இவர்கள் மட்டும் முன்னே போகலாம். எந்த அதிகாரியும் போட்ட சட்டமில்லை, ஒருவரும் மீறவும் இல்லை. நான் ஒழுங்காகக் கடைசியில்தான் போய் நின்றேன். அங்கே ஒரு லாரிக்காரன் சிகரெட்டுக்கு நெருப்பு கேட்க வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அடடே, பச்சப்புள்ளையா? என்ன மாமா, சொல்லக்கூடாதா? ஏய், வழிய விடுங்கப்பா, குழந்தை வருது!"

சம்பந்தி, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். குளிர்காற்றுதான் உள்ளே போனது. அதற்குள் முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்ட ஆரம்பித்துவிட்டன. தக்காளி அழுகிக்கொண்டிருந்த வண்டிகூட ஓரம் கட்டியது.

"பையனா, பொண்ணா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். பையன் என்றேன். அது ஒருவகையில் நிஜம்தானே, பேரன் பையன்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். "தாய் எங்கே?" என்றாள் இன்னொருத்தி, புரூலின் வயதைப் பார்த்துவிட்டு. "அந்தப் பக்கம்" என்றேன். அதுவும் நிஜம்தானே!

"ஐயோ பாவமே! தாய் அந்தக் கரை, புள்ள இந்தக் கரையா? பேப்பர் சரியில்லன்னு அவளை அங்கேயே நிறுத்திட்டாங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், எங்கள் மந்திரிமார்கள் ஆட்டுவதைப் போல. அவ்வளவுதான், வரிசை முழுக்கச் செய்தி என்னைவிட வேகமாகப் போனது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு கிழவர் பாலத்தைப் பார்த்துக் கையை ஓங்கி, "நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று கத்தினார். எல்லாரும் முகம் பார்க்க வந்துவிட்டார்கள். நாற்பது நாள் ஆகவில்லை, முகம் காட்டக்கூடாது என்று புரூல் போர்வையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எப்போது அழுவாளோ என்று எனக்குப் பயம். முகத்தைக் காட்டாவிட்டால் என்ன, முகம் பார்க்கும் காணிக்கையை வைக்காமல் நம் ஜனம் விடுமா? போர்வை மேல் மிட்டாய் விழுந்தது, கசங்கிய நோட்டுகள் விழுந்தன, யாரோ தன் பேத்திக்குப் பின்னிய குட்டிக் காலுறை விழுந்தது. வியாபாரம் படுத்து, வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் நின்ற ஜனம் சம்பந்தி அது. வெண்ணெய்க்குக் காணிக்கை வைத்தது. நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வரிசையின் முன்னால் வெங்காய லாரியோடு ஒரு அம்மாள், அனார்கான் என்று பேர். வெங்காயத்தை உங்கள் கொர்தாய் சந்தையில் விற்கிறவள். அடுத்தது அவள் முறை. "எந்த வீடு?" என்றாள். நான் அந்த நேரத்திலும் சும்மா இருக்காமல், "கொர்தாய்ல குதிரை வியாபாரி ஒராஸ்பை, பச்சை கேட் வீடு, கேட்டா யாரும் சொல்வாங்க" என்று பீற்றிக்கொண்டேன். அவள் தன் தோளில் போட்டிருந்த கம்பளிச் சால்வையை எடுத்துத் தொட்டிலைச் சுற்றிப் போர்த்தினாள். "நீ எப்படிம்மா இருப்பே?" என்றதற்கு, "நான் வெங்காயத்துக்கு நடுவுல ஒதுங்கிக்குவேன். போங்கண்ணே, நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

இனிமேல்தான் கேவலம். எல்லையில் இருந்த அதிகாரியம்மா, உங்கள் நாட்டுப் பெண்தான், நல்ல பெண், குழந்தை என்று கேட்டதும் வண்டியைச் சோதிக்கிறதை விட்டுவிட்டு, "வெளிய ஏன் நிக்கிறீங்க? உள்ள கொண்டாங்க" என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கணப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள். "வேணாம்மா, அவனுக்குச் சூடு ஆகாது" என்றேன். "என்ன தாத்தா, உறைஞ்சு போயிருக்கும் புள்ள" என்று கணப்பைக் கூட்டிவிட்டாள். நான் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். புரூல் மேல்கூரையைப் பார்த்தாள். அனார்கானும் தன் பேப்பருக்கு முத்திரை வாங்க உள்ளே வந்து நின்றாள். அப்போது தொட்டிலின் அடியில் பிள்ளைகள் நனைப்பதற்கென்று வைக்கிற ஓட்டை வழியாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரே தாரையாக.

"பாருங்க, புள்ள நனைச்சிட்டான்! துணி மாத்துங்க பாட்டி" என்று அந்த நல்ல பெண் குனிந்து விரலால் தொட்டாள். மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"தாத்தா," என்றாள், "உங்க பேரனுக்கு வயிறு எப்படி? உருக்கு நெய்யா வருதே?"

அப்புறம் அந்தக் கூடம் சிரித்தது பாருங்கள், சிப்பாய், டீக்காரன், கையில் பேப்பரோடு நின்ற ஆட்கள், எல்லாரும். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, எனக்கு வழிவிட்ட ஜனத்தின் முகங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன. அவர்கள் சிரிக்கவில்லை. அனார்கானும் சிரிக்கவில்லை. சால்வையைப் பறித்துக்கொள்வாள், திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்று நின்றேன். "புள்ளையே இல்லையாண்ணே?" என்றாள், அவ்வளவுதான். அவள் என்னை அடித்திருந்தால் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

வெண்ணெய் பறிமுதல். நான் புரூலை இழுத்துக்கொண்டு ஓடி வேனைத் திருப்பினேன். பாதி தூரம் வந்த பிறகு, "தொட்டில் எங்கே?" என்றாள். இருவரும் திரும்பிப் பார்த்தோம். திரும்பிப் போக எனக்கு முகமில்லை சம்பந்தி. பெரிய நாடு எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது என்று டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். எங்கள் ஜனம் அந்தக் குளிரில் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு ஒரு நியாயம் வைத்திருந்தது. அதை உடைத்தது உங்கள் சிப்பாய் இல்லை, நான். காணிக்கையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அந்தக் குட்டிக் காலுறை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கமுடியவில்லை, எடுத்து வைக்கவும் முடியவில்லை.

ஆகையால் தொட்டில் வராது. பேரனை உங்கள் பக்கத்துத் தொட்டில் எதிலாவது போடுங்கள், அவன் எதிலும் தூங்குவான், குழந்தைகளுக்குச் சம்பந்திச் சண்டை தெரியாது. தராஸ்காரர் காதில் மட்டும் இது விழவேண்டாம். பேரன் நீண்ட ஆயுளோடு, என் புத்தி இல்லாமல், தங்கள் உயரத்தோடு வளரட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சயகுலின் தலையில் எனக்குப் பதிலாக ஒருமுறை தாங்கள் கை வைக்கவும்.

தங்கள் முன் நிமிர முகமில்லாத,
தொக்தோசுன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் புரூலின் போனில் சயகுல் கூப்பிட்டாள். "அப்பா, தொட்டில் வந்துடுச்சு!" என்று கத்துகிறாள். வெங்காயம் விற்கிற ஒரு அம்மா, லாரியோடு உங்கள் பச்சை கேட் முன்னால் வந்து இறங்கி, எல்லா உறவுக்கும் நடுவில், உங்கள் அண்ணி உட்பட, தொட்டிலை இறக்கி வைத்தாளாமே. "இந்தப் பொண்ணோட அப்பா இருக்காரே, கைப்புள்ளக்காரங்க, நோயாளிங்க எல்லாரையும் முன்னாடி விட்டுட்டு, தான் கடைசியில நிக்கிறார். அவர் வர எப்ப ஆகுமோ, தொட்டிலாவது நேரத்துக்குப் போகட்டும்னு எங்கிட்ட குடுத்தனுப்பினார்" என்றாளாம். நீங்கள் எழுந்து நின்று, "பாத்தீங்களா, இதான் என் சம்பந்தி!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னீர்களாம். பேரன் அவள் சால்வையில் தூங்குகிறானாம். வெங்காய வாசனை அடிக்கிறதாம், ஆனால் கதகதப்பாக இருக்கிறதாம். "நீங்க எங்கப்பா இருக்கீங்க?" என்று சயகுல் கேட்டதற்கு, என்னோடு பேசாத புரூல் போனைப் பிடுங்கி, "வரிசையிலதாம்மா நிக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே மேலே உள்ளதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும், என்னைப் பற்றிப் பெருமை பேசியவர் நீங்கள், உங்களை ஏமாற்ற மனசில்லை. ஊருக்கு அந்த அம்மாள் சொன்னதே நிஜமாக இருக்கட்டும். வேன் புறப்படத் தயாராக நிற்கிறது, நானும் புரூலும் பாலத்துக்குப் போகிறோம். கடைசியில்தான் நிற்கப்போகிறேன். யாராவது தொட்டிலோடு வந்தால், போர்வையைத் தூக்கிப் பார்க்காமல் வழி விடுவேன்.