மோதிரக் கணக்கும் பதினைந்து ரூபாய் ரத்தமும்

சவரிநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் முடிவுக்கு வந்தால் வீட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று செலவாகும்.

பெண் அமலராணி பிளஸ் டூ முடித்த ஜூன் மாதத்திலும் ஒரு நோட்டு தீர்ந்தது. லேப் டெக்னீஷியன் சர்டிபிகேட் படிக்கிறேன் என்றாள் அவள். ஒரு வருஷப் படிப்பு. சவரிநாதன் அரியமங்கலம் லேத் பட்டறைக்காரர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கணக்கை மட்டும் விடவில்லை.

"ஃபீஸ் ஆயிரத்து ஐநூறு. பஸ்ஸு, வெள்ளைக் கோட்டு, புஸ்தகம் ஐநூறு. ஆக ரெண்டாயிரம். வேலை கெடச்சா மாசம் முந்நூறு. ரெண்டு வருஷத்துல கல்யாணம். அப்புறம் அந்த முந்நூறு யாருக்கு? மாப்பிள்ளைக்கு! முதல் நம்மளுது, லாபம் சம்பந்தி வீட்டுக்கா? டைப்ரைட்டிங் போகட்டும். மாசம் பதினஞ்சு ரூபாயோட போச்சு."

"சரிங்க" என்றாள் மனைவி அற்புதம்மாள். உடனே சரி என்று சொல்லிவிட்டாளே என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நோட்டில் எழுதாத காரணம் ஒன்று உண்டு. இந்தப் படிப்பைச் சொன்னவர் தைரியராஜ். அற்புதம்மாளின் அண்ணன், ஸ்ரீரங்கம் தபால் ஆபீசில் வேலை. இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை சவரிநாதனுக்கு ஒரு பவுன் மோதிரம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போடாதவர். அன்றிலிருந்து தைரியராஜ் குடை எடுத்துப் போகச் சொன்னால் சவரிநாதன் நனைந்துகொண்டு போவார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு வருஷமும் தங்கம் விற்கிற விலையில் அந்த மோதிரத்துக்கு மதிப்புப் போடுவார்.

"நூறு ரூபாயா இருந்துச்சு உங்கண்ணன் மோதிரம். இன்னிக்கு ஆயிரத்து ஐநூறு!" என்பார், பெற்ற பிள்ளை பாஸான மாதிரி.

கிறிஸ்துமஸுக்கு தைரியராஜ் வந்தார். மூன்று முறுக்கு தின்றார். நாலாவதை எடுத்துக்கொண்டே, "புத்தூர்ல லேப் வாசல்ல எல்லாம் கூட்டம் தாங்கல மாப்ள" என்றார்.

அதற்குத்தான் இப்போது இந்த முடிவு. புத்தூருக்கே போய் ஒரு லேப் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணுவது. எண்ணி எழுதி, மச்சான் மூஞ்சியில் நோட்டை விசிறுவது.

சனிக்கிழமை மத்தியானம் போனார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தபால்காரர்.

"ரெண்டே பேரு!" என்று வீட்டில் வந்து குதித்தார்.

"மத்தியானம் போனா ஈ ஓட்டிக்கிட்டுத்தாங்க இருப்பாங்க. ரத்தம் காலையில வெறும் வயித்துலதான் எடுப்பாங்க. அரைகுறையா எண்ணிட்டுப் போனா அண்ணன் சிரிக்க மாட்டாரா?" என்றாள் அற்புதம்மாள்.

"சிரிப்பானா?"

"திங்கக்கிழமை காலையில பெரியாஸ்பத்திரிக்கு எதிர் லேப்புக்குப் போய் எண்ணிட்டு வாங்க. அண்ணன் அதைத்தான் சொன்னாரு."

திங்கட்கிழமை காலை காபி இல்லை. பால் திரிந்துவிட்டதாம். "வந்து குடிச்சுக்கலாம், கெளம்புங்க. நீங்க போறதுக்குள்ள நாலு பேரு வந்துட்டுப் போயிருவாங்க."

லேப் வாசலில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். சவரிநாதன் படியோரம் நின்று கோடு போட ஆரம்பித்தார். பத்து, இருபது, முப்பது. கோடு போடப் போட வயிறு எரிந்தது. பசியா பொறாமையா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு ஆளைக் குறைத்து எழுதலாமா என்று பென்சிலைக் கடித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சவரிநாதன்! அரியமங்கலம் லேத் பட்டறை சவரிநாதன்!"

"நான் சும்மா எண்ண வந்தேங்க" என்றார்.

"உங்க பேரை அப்பவே எழுதி வச்சாச்சு. உள்ள வாங்க" என்றார் சீட்டு எழுதுகிறவர்.

உள்ளே வெள்ளைக் கோட்டோடு, கையில் ரப்பர் டியூபோடு, பாலக்கரை டைப்ரைட்டிங் வகுப்பில் இருக்க வேண்டிய அமலராணி நின்றாள்.

"நீயா? டைப்ரைட்டிங் போகல?"

"கையை நீட்டுங்கப்பா. ஆறு மாசம் வகுப்பு, ஆறு மாசம் லேப்புல பயிற்சி. இது பயிற்சி."

"உங்கம்மா எங்கிட்ட..."

"பேசாதீங்கப்பா, நரம்பு நழுவுது."

ஊசி போனதே தெரியவில்லை. பார்த்தபோது குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக நூலளவு பிசகாமல் இரும்பு கடைந்தவர் அவர். சுத்தமான வேலையைக் கண்டால் அவருக்குத் தெரியும். கண் கலங்கியது. ஸ்பிரிட் நெடி என்று சொல்லிக்கொண்டார்.

"வெளிய பதினஞ்சு ரூபா கட்டிருங்கப்பா."

"பெத்த அப்பன்கிட்டயா?"

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு வாட்டி வரணும். அதுக்குத் தனி."

சாயங்காலம் அமலராணி சீட்டோடு வந்தாள். சர்க்கரை இருநூற்று அறுபது. சவரிநாதன் மனைவி பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் சேந்து என்னை ஏமாத்திட்டீங்க!"

"ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறீங்க. கொல்லையில நீங்க போன எடத்துல எறும்பு சாரை சாரையா வருது. ரத்தம் குடுக்க வாங்கன்னா வருவீங்களா? எண்ணப் போங்கன்னாதானே போறீங்க!"

சவரிநாதன் வேறு கேள்விக்குத் தாவினார். "ஃபீசுக்குப் பணம் ஏது?"

"உங்க பணந்தான்."

"என் பணமா?"

அற்புதம்மாள் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினாள். கட்டியவர் பெயர்: தைரியராஜ்.

"போன ஜூன்ல மோதிரம் என்ன விலைன்னீங்க?"

"ஆயிரத்து..." சவரிநாதன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஐநூறு. நீங்களே நோட்டுல எழுதியிருக்கீங்க. அதைத்தான் அண்ணன்கிட்ட காட்டினேன். மறுபேச்சு இல்லாம கட்டிட்டாரு. மோதிரம் வந்து சேந்துடுச்சுங்க. இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுல கிடையாது."

சவரிநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் வளர்த்த கோபம். ஒரு ரசீதில் முடிந்துவிட்டது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்த மனுஷன் வந்தால் என்னத்தைப் பேசுவது?

அற்புதம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"சீனி எங்க?"

"அண்ணன் நிறுத்தச் சொன்னாரு."

எதிர்த்துப் பேசக் கையில் மோதிரம் இல்லை. சவரிநாதன் குடித்தார்.