மாமனார் வண்டியின் இண்டு இடுக்கு

ஏசி காற்று வரும் துவாரத்துக்குள் தூசி இருந்தது. விரலுக்கு எட்டாமல் கண்ணுக்கு மட்டும் எட்டுகிற ஆழத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

நூலகர் ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, துவாரத்தின் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளுக்கு நடுவே மெதுவாக விட்டார். வெளியே இழுத்தபோது விரல் மட்டும் வந்தது, துணி உள்ளேயே தங்கிவிட்டது. அதை மீட்டெடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் தூசி இன்னும் அரை அங்குலம் உள்ளே போய், ஈரமாக அப்பிக்கொண்டது.

“என்னங்க, சாப்பாடு ஆறுது,” என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி.

“மணி என்ன?”

“ஒண்ணே கால்.”

“உங்கப்பா நாலு மணிக்கு வந்துடுவாரு.”

“நாலுன்னா மூணு அம்பதுக்கு வருவாரு. வரட்டுமே. கார்ல தூசி இருக்கிறது உலகத்துல நடக்காததா?”

உலகத்தில் நடக்கும். மாமனார் காரில் நடக்காது.

மாமனார் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகு பாட்டில்கள் நின்றுபோயின, பழக்கம் நிற்கவில்லை. இப்போது மனிதர்களைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். சட்டைப் பையில் எப்போதும் மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். அது முகம் துடைப்பதற்கில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆன புதிதில் வீட்டுக்கு வந்தவர், அந்தக் கைக்குட்டையை ஃபிரிட்ஜின் தலையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாததை நினைத்து நினைத்து நூலகர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் காரை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இருக்கைகளின் பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. சொந்த மகன் ஒருமுறை இரவல் கேட்டதற்கு, பஸ் எந்தெந்த நேரத்தில் இருக்கிறது என்று விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர்.

அப்படிப்பட்டவர் போன புதன்கிழமை நூலகருக்கு போன் செய்தார்.

“மாப்பிள்ளை, ஏதோ பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போறீங்களாமே. பஸ்ல எதுக்கு அல்லாடணும்? வண்டியை எடுத்துட்டுப் போங்க.”

நூலகர் போனைக் காதிலிருந்து எடுத்து, யாருடைய நம்பர் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கார் கூட இரண்டாம்பட்சம்தான். முதல் வார்த்தைதான் அவரைச் சாய்த்தது. எட்டு வருடமாக மாமனார் அவரை ‘லைப்ரரி’ என்றுதான் சொல்லிவந்தார். “உன் லைப்ரரி வேலைக்குக் கிளம்பியாச்சா?” “லைப்ரரிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா.” மாமியார் முதல் நாளிலிருந்தே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். ஆனால் மாமியார் எல்லோரையும் மரியாதையாகக் கூப்பிடுகிறவர், தபால்காரர் உட்பட. அது கணக்கில் வராது.

மறுநாள் மாமனாரே காரை ஓட்டிவந்து சாவியைக் கையில் கொடுத்தார். “மாப்பிள்ளைகிட்ட இருந்தா என்கிட்ட இருக்கிற மாதிரி,” என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை ஒருவர் ஒரே ஒரு சொல்லுக்கு இப்படி உருகலாமா என்று கேட்டால், உருகக் கூடாதுதான். உருகிவிட்டார்.

அந்த மரியாதைக்காக வழியெல்லாம் ஏசியைக்கூட அவர் தொடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு மண் லாரி. போகும்போதும் ஒரு லாரி, வரும்போதும் ஒரு லாரி.

ஆக, இப்போது நடப்பது வெறும் தூசி தட்டும் வேலை இல்லை. நாலு மணிக்குள் தூசி போகாவிட்டால் மாப்பிள்ளை போய்விடுவார், லைப்ரரி திரும்பி வந்துவிடும்.

“அடுத்த தெருவுல கார் கழுவுற கடை இருக்கே, விட்டுட்டு வாங்களேன்,” என்றாள் மனைவி.

“பதினேழு வருஷமா தூசியோடதான் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாத தூசியா?”

நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கென்று ஒரு மெல்லிய பிரஷ் உண்டு. புத்தகத்தை இறுக்கி மூடிக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தள்ள வேண்டும். அந்த பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுத்து, அதே முறையில் ஒரு தள்ளு தள்ளினார். தூசி எழும்பிப் போய் வேகமானியின் மேல் படிந்தது. வேகமானியைத் துடைத்தார். அது ரேடியோ பொத்தான்களுக்குள் இறங்கியது. மூன்றாவது தள்ளலில் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம்.

நடுப்பட்டை அவர் மடியில் கிடந்தது.

அவர் அழுத்தவே இல்லை. தொட்டால் உதிர்கிற தாளையே நோகாமல் புரட்டிப் பழகிய கை அது. பட்டையை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பார்த்தார். மறுபடி விழுந்தது.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உடைஞ்சிடுச்சு.”

“எது?”

“எல்லாமே.”

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “இவ்வளவுதானா? அப்பாகிட்ட நேராச் சொல்லிடுங்க.”

“யார்கிட்ட? ‘முப்பத்து நாலு வருஷம் கண்ணாடியிலேயே புழங்கினேன், என் கையில ஒரு டம்ளர்கூட உடைஞ்சதில்ல’ன்னு மாசம் ஒரு தடவை சொல்றாரே, அவர்கிட்டயா?”

அவளுக்கும் அப்பாவைத் தெரியும். உள்ளே போய்விட்டாள்.

நூலகர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். புத்தகத்தின் முதுகு விட்டுப்போனால் பைண்டிங் பசை தடவி, டேப்பால் இழுத்துக் கட்டி, மேலே பாரம் வைக்க வேண்டும். பசை அவர் பையில் எப்போதும் இருக்கும். இரண்டு முனையிலும் தாராளமாகத் தடவி, பட்டையைப் பொருத்தி, டாஷ்போர்டின் குறுக்கே மூன்று வரிசை டேப் ஒட்டினார். பாரத்துக்கு வீட்டிலிருந்த அகராதியின் இரண்டு தொகுதிகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். காருக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

அரைமணி கழித்து அகராதியை எடுத்துப் பார்த்தால், பட்டை நன்றாகவே ஒட்டியிருந்தது. ஒரு பட்டை மட்டுமல்ல, பசை வழிந்து ஐந்து பட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. துவாரம் சுவராகிவிட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் தூசி பத்திரமாக இருந்தது.

“உன் ஹேர் டிரையரைக் கொடு.”

“அது எதுக்கு?”

“பசை இன்னும் ஈரமாத்தான் இருக்கு. சூடு காட்டினா இளகும்.”

ஜன்னல் வழியாக வயர் இழுத்துச் சூடு காட்டினார். பசை இளகவில்லை, இறுகியது. வெள்ளை வெளேரென்று பாறையாயிற்று. சரி, டேப்பையாவது எடுப்போம் என்று பிரித்தார். சூட்டில் டேப்புக்கும் டாஷ்போர்டுக்கும் பிரியமுடியாத பிணைப்பு ஏற்பட்டிருந்தது. டேப் வரும்போது டாஷ்போர்டின் தோலும் ஒரு முழ நீளத்துக்கு உரிந்துகொண்டு வந்தது. கறுப்புத் தோலுக்கு அடியில் அது சாம்பல் நிறம் என்று நூலகருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மணி இரண்டே முக்கால்.

ஒரு மனிதன் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுமோ அந்த இடம் இதுதான். நூலகர் ஷூ பாலிஷ் எடுத்துவரப் போனார்.

கறுப்பு பாலிஷ் தடவியதும் சாம்பல் நிறம் மறைந்தது. அவர் மூச்சே அப்போதுதான் வந்தது. ஆனால் மூச்சோடு பாலிஷ் வாடையும் வந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. ஒட்டுகிற பொருளுக்கு நூலகத்தில் ஒரு வைத்தியம் உண்டு, பக்கங்கள் ஒட்டிக்கொண்டால் நடுவே கொஞ்சம் பவுடர் தூவுவார்கள். மனைவியின் முகப்பவுடர் வாசனைக்கும் ஆயிற்று, ஒட்டுவதற்கும் ஆயிற்று என்று டப்பாவைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். மூடி கழன்றுகொண்டது.

பவுடர் தெரியாத பொத்தானில்லை, பொருத்துவாயில்லை. ரேடியோ, கடிகாரம், கியர் உறையின் மடிப்பு, பாலிதீன் உறையின் சுருக்கம் எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடு விழுந்தது. மத்தியானம் ஓர் இடுக்கில் தூசி இருந்தது. இப்போது தூசி இல்லாத இடுக்கு இல்லை.

நூலகர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். ஹாரன் அடித்தது. மனைவி ஓடிவந்தாள்.

“அப்பா வந்துட்டாரா?”

“இல்ல. நான்தான்.”

அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவர் நகவெட்டியால் பட்டைகளுக்கு நடுவே பசையைச் சுரண்டினார், அவள் ஹேர் டிரையரால் பவுடரை ஊதினாள். பவுடர் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது. எங்கே போகிறது என்று இருவருமே யோசிக்கவில்லை. மூன்று நாற்பதுக்குப் பார்த்தால் டாஷ்போர்டு பளபளவென்று இருந்தது. உடைந்த பட்டையும் ஏதோ புண்ணியத்தில் பக்கத்துப் பட்டைமேல் சாய்ந்து நின்றது.

“தூரத்திலிருந்து பாத்தா தெரியல,” என்றாள் மனைவி.

“உங்கப்பா எப்பவாவது தூரத்திலிருந்து பாத்திருக்காரா?”

மூன்று ஐம்பதுக்கு மாமனாரும் மாமியாரும் தெருமுனையில் திரும்பினார்கள்.

“வாங்க மாமா, வாங்க அத்தை. உள்ள வாங்க.”

“வண்டி சௌக்கியமா, மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமனார். மகளை அப்புறம்தான் கேட்டார்.

“சௌக்கியம் மாமா. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு…”

“இருக்கட்டும். முதல்ல ஒரு பார்வை பாத்துடுவோம்.”

அவர் ஏறி உட்கார்ந்தார். வலது கை சாவியைத் திருப்பி ஏசியை முழு வேகத்தில் வைத்தது. இடது கை பழக்கதோஷத்தில் கைக்குட்டையை உருவி டாஷ்போர்டில் ஓர் இழுப்பு இழுத்தது. கைக்குட்டை கறுப்பாகத் திரும்பி வந்ததை அவர் பார்த்திருப்பார். அதற்குள் நாலு துவாரத்திலிருந்தும் பவுடர் ஒரே மூச்சாக வெளியே வந்தது.

காருக்குள் சிறிது நேரம் எதுவும் தெரியவில்லை. தும்மல் மட்டும் கேட்டது. ஐந்தாவது தும்மலுக்குப் பட்டை கழன்று மாமனாரின் மடியில் விழுந்தது. அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பவுடர் படிந்த முகம் முழுக்கக் கறுப்பு பாலிஷ் வரிவரியாக ஏறியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

“நான்தான் மாமா,” என்றார் நூலகர். “தூசி தட்டலாம்னு பாத்தேன். லேசாத்தான் கை பட்டுச்சு.”

மாமனார் கீழே இறங்கினார். பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும் குரலில் மாமியாரிடம் சொன்னார்.

“பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ. ஆறு வருஷம் என்கிட்ட இருந்துச்சு, ஒரு கீறல் கிடையாது. நாலே நாள் லைப்ரரிகிட்ட இருந்துச்சு.”

பட்டையை மாமியார் கையில் திணித்துவிட்டு, முகம் கழுவ உள்ளே போனார். மகள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். இவ்வளவு நடந்தும் மாமனாரின் நடையில் ஒரு தளர்ச்சி இல்லை.

நூலகர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கை முழுக்க பாலிஷ், நகமெல்லாம் பசை. எட்டு வருடம் காத்துக் கிடைத்த ஒரு சொல், ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இனி அது கிடைக்கப்போவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. பவுடர்தான் காரணம் என்று சொல்லலாம், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

“மன்னிச்சிடுங்க அத்தை,” என்றார். “மாமா என்னை நம்பிக் கொடுத்தாரு. நான் காப்பாத்தல.”

மாமியார் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நூலகர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மனசை விட்டுடாதீங்க. அது போன திங்கக்கிழமையே அவர் தூசி தட்டும்போது உடைஞ்சதுதான். நான் பாக்கலன்னு நெனச்சுக் கோந்து வெச்சு ஒட்டிட்டு, யார் தலையில கட்டலாம்னு ரெண்டு நாள் யோசிச்சாரு, அப்புறம்தான் உங்களுக்கு போன் போட்டு மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு.”