பழைய தொலைநோக்கிக்கு ஒரு நற்சான்று

ஒரு தேசம் சுதந்திரம் அடைந்துவிட்டதற்கு அசைக்க முடியாத அத்தாட்சி, மூட்டை கட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரனின் பழைய சாமான்களை, அவன் சொன்ன விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கும் துணிச்சல் அதன் தலைவர்களுக்கு வந்துவிடுவதுதான். அந்தத் துணிச்சலில் மலாக்காவிலேயே முதலிடம் காஜா பெராங் செந்தமிழ் ஐக்கிய சபைக்கு. இப்படிச் சொல்பவர் சபையின் செயலாளர் மாணிக்கவாசகம். அவரே சொல்லி, அவரே குறிப்பேட்டில் எழுதி, அவரே வாசித்து ஏகமனதாக நிறைவேற்றிவிட்ட பிறகு மறுக்க நாம் யார்?

சென்ற ஆண்டு சுதந்திர விழாவில் சபைத் தலைவர் சொக்கப்பனுக்குப் பதினான்காவது வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பட்டுச் சால்வையோடு போனவர் மூன்று மணி நேரம் பிறர் பிடரிகளைத் தரிசித்துவிட்டுத் திரும்பினார். சுதந்திரம் வந்ததா என்று வீட்டில் கேட்டதற்கு, "வந்திருக்கும்போல" என்றார். இது தனி மனிதருக்கு நேர்ந்த அவமானம் அல்ல, 'சமுதாயத்துக்கே' நேர்ந்தது என்று சபை கண்டுபிடித்தது. இந்த ஆண்டு, சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவு விழா ஊர்வலம் சபைக் கட்டடம் இருக்கும் சாலையின் கோடியைக் கடந்து போகும். அதை மாடியில் இருந்தே பார்த்துவிட ஒரு தொலைநோக்கி வாங்குவதென்று தீர்மானமாயிற்று.

ஊருக்குப் புறப்பட்ட ஒரு தோட்டத் துரை பினாங்கில் இருந்து பத்திரிகை விளம்பரம் கொடுத்திருந்தார்: 'முக்காலியுடன் தொலைநோக்கி. உபயோகித்தது. நல்ல நிலை.' பார்க்காமலே பணம் போயிற்று, பெட்டி வந்தது. பெட்டி வந்த பிறகு 'நிலை ஆய்வு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் தியாகு ஆகிய மூவரே குழு. சபையிலும் அந்த மூவர்தான் என்பதால் தேர்தலில் குழப்பம் ஏற்படவில்லை.

தியாகு குழாயைக் காதருகே வைத்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னமோ லொடக்கு லொடக்குங்குது, தலைவரே."

"வெள்ளக்காரன் சாமான்யா. ஆடுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்ற தலைவர் கண்ணை வைத்தார். "ஆகா! நட்சத்திர மண்டலம் தெரியுது!"

"பகல் பதினோரு மணிக்கா?"

"அதானே விசேஷம்!"

மாணிக்கவாசகம் அதையும் எழுதிக்கொண்டார். நட்சத்திர மண்டலம் என்பது முன் கண்ணாடியில் படர்ந்திருந்த பூஞ்சணம் என்று அடுத்த கூட்டத்தில் தெரிந்தது. தியாகு தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். நட்சத்திரங்களோடு சேர்ந்து எதிர்வீடும் மறைந்தது. கடைசியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். இப்படியாகக் குழு நான்கு முறை கூடியது. நாலு முறையும் வடை உண்டு.

நாலு முறையும் மாடிப்படியில் பொன்னம்மாவும் உண்டு. தெங்கேராவில் தெருக் கூட்டுகிறவள். நாலு வயதில் தாயின் மடியில் கப்பலேறி வந்தவளிடம் பிறந்த தேதிக்குக்கூடக் காகிதம் கிடையாது. குடியுரிமைக்கு மனுப் போட, இத்தனை வருஷமாக இங்கேதான் இருக்கிறாள் என்று ஊர்ச் சபை ஏதாவது முத்திரையோடு எழுதித் தர வேண்டும். விழா நாளுக்கு முன் மனுப் போட்டால் மொழிப் பரீட்சை இல்லை. தவறினால் பரீட்சை உண்டு.

"ஐயா, அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டு ஒரு சாப்பு குத்திக் குடுங்கய்யா. பரீட்சக்காரர் முன்னால நின்னா எனக்கு நாக்கு எழும்பாதுங்க. நாப்பது வருசமா இந்த ஊர்லதான் கெடக்கேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. கூட்டத்துல பாஸாகாம முத்திரை போட முடியாது. பொருள் எண் ஒன்பதுல வச்சிருக்கேன்" என்றார் மாணிக்கவாசகம்.

"போன மாசமும் ஒன்பதுன்னுதான சொன்னீங்க?"

"இப்பவும் ஒன்பதுதான். நாங்க சொன்ன சொல் மாற மாட்டோம்."

பொருள் எண் ஒன்று தொலைநோக்கி. எந்தக் கூட்டமும் இரண்டைத் தொட்டதில்லை.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, இறுதி ஆய்வு நடந்தது. அரை மைல் தள்ளி ஓர் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்பதே சோதனை. தலைவர் சாலைக் கோடியில் இருந்த குடியுரிமைப் பதிவுக் கூடத்துக்குக் குறி வைத்தார். வாசலில் ஒரு பலகை தொங்கியது. மாணிக்கவாசகம் பேனாவைத் திறந்துகொண்டார்.

"மொழிப் பரீட்சையின்றி... மனுச் செய்ய... இன்றே... கடைசி நாள்!" என்று தலைவர் முழங்கினார். "ஒரு மணிக்குக் கதவு சாத்தப்படும். முற்றுப்புள்ளிகூடத் தெரியுதுய்யா!"

தியாகு கைதட்டினார். மாடிப்படியில் இருந்த பொன்னம்மா உள்ளே ஓடிவந்தாள்.

"இன்னிக்கா கடைசி? ஐயா, மணி என்னங்க?"

"அங்க இருக்கற கடிகாரமே தெரியுதே" என்றார் தலைவர் கண்ணை எடுக்காமல். "பன்னெண்டே முக்கால். சின்ன முள் என்னா நேர்த்தி!"

"இப்பக் குடுத்தீங்கன்னா ஓடிப்போயி சேத்துருவேங்கய்யா!"

"சோதனை நடக்கும்போது தரை அதிரக் கூடாதும்மா. படம் ஆடும்" என்று மாணிக்கவாசகம் கண்டித்தார். அவள் அசையாமல் நின்றாள். சரியாக ஒரு மணிக்குத் தலைவர் துள்ளினார்.

"கதவைச் சாத்துறான்! தாழ்ப்பாள் தெரியுது!"

பேனா ஒரு நொடி நின்றது. மை கட்டியிருக்கும் என்று மாணிக்கவாசகம் அதை உதறினார். பிறகு மேலே எழுதினார். தொலைநோக்கிக்குத் தரும் நற்சான்றில் 'பொதுமக்கள் சாட்சி' ஒன்று தேவைப்பட்டது. பொன்னம்மாவைக் கூப்பிட்டுக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க. பூட்டுகூடத் தெரியுது."

'நல்ல நிலை' என்று எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, அவள் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றி, சபை முத்திரையைக் குத்தினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பொன்னம்மா விரல் மையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கொழாய்க்கு எம்புட்டு வெரசா சாப்பு குத்திட்டீங்கய்யா! நானும் கப்பல்ல வந்த பழைய சாமான்தானுங்களே. என்னயும் ஒரு தடவ ஆட்டிப் பாத்து எழுதிக் குடுத்திருக்கலாமே?"

அவள் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு, மாணிக்கவாசகம் குறிப்பேட்டின் கடைசி வரியை அழகான கையெழுத்தில் எழுதி முடித்தார்: 'சபையின் பணியைப் பொதுமக்களும் மனமாரப் பாராட்டினர்.'