கப்பலுக்கு வீட்டுக்காரி பெயர்

மொட்டைக் கடிதத்தைப் படித்ததும் பேர்க்காரர் நேராகத் தபால் பிரிவுக்கு ஓடினார்.

கடற்படை அலுவலகத்தில் கப்பல்களுக்குப் பெயர் தேடித் தரும் பிரிவின் தலைமை எழுத்தர் அவர். இதுவரை நாற்பத்தோரு கப்பல்களுக்குப் பெயர் வைத்தவர், அதனால்தான் 'பேர்க்காரர்'. ரிட்டயர் ஆக இன்னும் மூன்றே வாரம். கல்யாணமான புதிதில் மனைவியிடம், "உன் பேர்ல ஒரு கப்பலே விடறேன் பாரு" என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தார். முப்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது விட்டால் இனி எப்போது?

உயிரோடு இருப்பவர் பெயரைக் கப்பலுக்கு வைக்கக் கூடாது. ஆனால் ஆற்றின் பெயரை வைக்கலாம். மனைவி பெயரில் எங்கோ ஒரு சின்ன ஆறு இருப்பதை வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பிடித்து, புதுப் போர்க்கப்பலுக்கு அதையே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்.

ஒட்டினால் ஆயிற்றா? ஊரில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதித் தரலாம். கையெழுத்துக்கூடப் போட வேண்டாம். தபால் பிரிவு அம்மாள் வாங்கி வைப்பார். கொடுத்தது யார் என்று வேலையில் இருக்கும் எவரிடமும் அவர் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"யாரும்மா கொடுத்தது? கோடி காட்டுங்களேன்" என்று கெஞ்சினார் பேர்க்காரர்.

"வேலையில இருக்கிறவங்ககிட்ட மூச்சு விட மாட்டேன் சார்."

டைப் அடித்த கடிதம். 'இந்த ஆற்றில் வருடத்துக்குப் பத்து மாதம் தண்ணீரே கிடையாது. வறண்ட ஆற்றின் பெயர் போர்க்கப்பலுக்கு இழுக்கு' என்றது. மேலதிகாரியான கமாண்டர் தலையை ஆட்டினார்.

"நியாயமாத்தானே இருக்கு?"

"அப்போ ஆழம் அளக்கிற கப்பலுக்கு வச்சுடலாம் சார்" என்று சமாளித்தார் பேர்க்காரர்.

சாயங்காலம் வீட்டில் ஒரே புலம்பல். "எந்தப் படுபாவியோ தெரியலே. மூணு வாரம் பொறுக்க மாட்டானா?"

"யாரு வயித்தெரிச்சலோ, விடுங்க" என்று காபியை நீட்டினாள் மனைவி. பூங்கா ஏரியில் படகு ஏறலாம் என்றாலே, "நான் பையைப் பார்த்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று கரையிலேயே நின்றுவிடுகிறவள் அவள். "ஆமா, அந்த அளக்கிற கப்பல் எவ்வளவு தூரம் போகும்?"

"உலகத்தையே சுத்தும்டி."

"அம்மாடி" என்றாள். நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். பாவம், பெருமையில் பூரித்துப்போயிருக்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இரண்டாவது கடிதம். 'இந்த ஆறு கடலுக்கே போவதில்லை. ஒரு ஏரியில் முடிந்துவிடுகிறது. கடலைப் பார்க்காத ஆற்றின் பெயர், கடலை அளக்கும் கப்பலுக்கா?'

பேர்க்காரர் பூகோளப் புத்தகத்தைப் புரட்டினார். கடிதம் சொன்னது அத்தனையும் உண்மை. மனுஷன் கமாண்டர் காலில் விழாத குறையாகப் பேசி, கப்பல்களை இழுத்து வரும் படகு ஒன்றுக்கு அந்தப் பெயரைத் தள்ளிவிட்டார். அதில் வேறொரு வில்லங்கம். பெயருக்கு முன்னால் போடும் மூன்றெழுத்துப் பட்டம், கேப்டனும் கொடியும் கொடுத்துப் படையில் சேர்த்த கப்பலுக்கு மட்டும்தான். இழுக்கிற படகுக்கு வெறும் பெயர்.

"பட்டமும் போச்சு" என்றார் வீட்டில், சட்டையைக்கூடக் கழற்றாமல்.

"எனக்கு எதுக்குங்க பட்டம்? இந்த இழுக்கிற படகு புயல்லயும் வெளியே போகுமா?"

"புயல் அடிச்சாத்தான் அதுக்கு வேலையே."

மனைவி அன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மூன்றாவது வாரம் மூன்றாவது கடிதம். 'ஏரியோடு நின்றுவிடும் ஆற்றின் பெயர், துறைமுகத்தைத் தாண்டாத படகுக்கே பொருந்தும். அப்படி ஒன்றுக்கு வைத்தால் ஆட்சேபணை இல்லை.'

கமாண்டர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "அப்படி ஒண்ணே ஒண்ணுதான்யா இருக்கு நம்மகிட்ட."

அது தண்ணீரில் மிதக்கும் குப்பையை அள்ளுகிற படகு.

பேர்க்காரர் மாலையோடும் கடிகாரத்தோடும் ரிட்டயர் ஆகி வீடு வந்தார். என்ன படகு என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பெயர் சூட்டு விழா. மனைவி புதுச் செருப்பெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்ப, அவர் தலையைக் குனிந்துகொண்டே பின்னால் நடந்தார்.

துறைமுகத்தில் அழுகிய வாழைத்தோலும் பழைய டயருமாக நின்றது படகு. அதன் பக்கவாட்டில், ஈரப் பெயிண்டில் அவள் பெயர்.

"மன்னிச்சுடு. போர்க்கப்பலாத்தான் ஆரம்பிச்சேன்" என்றார்.

"இது அலையைத் தடுக்கிற அந்தக் கல் சுவரைத் தாண்டி எங்கேயும் போகாதே?"

"போகாது."

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றவள், முகமெல்லாம் பல்லாக ஓடிப்போய் ரிப்பனை வெட்டினாள்.

தனக்காக நடிக்கிறாள் என்று பேர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் தபால் பிரிவு அம்மாள் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரே ஆசைதான்மா. அந்தக் கடிதம் எழுதின படுபாவி முகத்தை ஒரு தடவை பார்க்கணும்."

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "நேத்தோட நீங்க ரிட்டயர், இனிமே சொல்லலாம். 'கப்பல் முழுகிடுச்சுன்னு என் பேரு பேப்பர்ல வந்துடக் கூடாது, வேண்டாம்னு சொன்னா அவர் மனசு ஒடைஞ்சுடும்'னு, மூணு கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தது அதோ, ரிப்பன் வெட்டினாங்களே, அவங்கதான் சார்."